எம்.ஆர்.ஆர். துக்கம் விசாரிக்கப் போகிறார்

தர்மபுரி ஜில்லாவில் பிறந்து, இங்கிலீஷ் பாஷையை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்ட ஒரே மனிதர் எங்கள் எம்.ஆர்.ஆர்.தான். நாமெல்லாம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்தால் எழுந்து நின்று இடம் கொடுப்போம். அவர், “நீ எந்த ஊரு? யாரு வூடு? எதுக்கு வந்தே?” என்று விசாரித்து முடித்த பிறகுதான் அதை உள்ளே விடுவார். விசாரணையில் தேறாத வார்த்தைகள் இன்னும் எங்கள் ஆபீஸ் மாடிப்படியிலேயே நிற்கின்றன.

எம்.ஆர்.ஆர். என்பது அவருடைய இனிஷியல் இல்லை. பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் கூரியர்காரர் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பார்சலை நீட்டியபோது, “அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்று திருப்பி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர்.

எங்கள் ஆபீஸ் தர்மபுரியில், பென்னாகரம் ரோட்டில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனி. வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தர்மபுரி என்றால் அவர்களுக்கு ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் மீன் சாப்பிட்டதும்தான் ஞாபகம் வரும். “அங்க நெட்டு வருமா?” என்று கேட்டவன்கூட உண்டு. வருமடா. நாங்கள் எழுதிய சாஃப்ட்வேரில்தான் சேலம், கிருஷ்ணகிரி வரைக்கும் பல் டாக்டர்கள் பல் பிடுங்குகிறார்கள். எந்த நோயாளி எப்போது வர வேண்டும், எந்தப் பல்லில் என்ன வேலை, ரசீது எல்லாம் அதில்தான். டாக்டர்கள் மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். கம்பெனியை ஆரம்பித்தவர் கடத்தூர்க்காரப் பெண். பெங்களூரில் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு ஊருக்கு வந்தவர். எங்களுக்கு அவர் மேடம். நான் அங்கே புரோகிராம் எழுதுகிறவன்.

எம்.ஆர்.ஆர். எங்கள் கஸ்டமர் சப்போர்ட் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன்னால் மோட்டார் பம்புசெட் விற்றவர். பென்னாகரம் பக்கத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஆட்டுப்பட்டி, ஒரு கறவை மாடு. ஆள் ஆறடி, குரல் அதைவிட உயரம். அவருக்கு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தது கம்பெனி செய்த வீண் செலவு. ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசினால் அரூர் டாக்டருக்கு நேராகவே கேட்டிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மேடம் எங்களை உட்கார வைத்துத் திரையில் இங்கிலீஷ் வார்த்தைகளாகப் போட்டார். “சந்தா சாஃப்ட்வேர் தொழில்ல இதுங்கதான் பாஷை. முதலீடு போடறவங்க இதுலதான் பேசுவாங்க. எல்லாரும் கத்துக்கணும்” என்றார். முதல் வார்த்தை, மந்த்லி ரெக்கரிங் ரெவின்யூ, சுருக்கமாக எம்.ஆர்.ஆர். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்ட அர்த்தம் தெரிய வேண்டியதில்லை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றவர்கள் நாங்கள்.

நம்மாள் கையைத் தூக்கினார். “மேடம், வருமானம்னா வருமானம். அதுல என்னாங்க ரெக்கரிங்கு?”

“மாசாமாசம் திரும்பத் திரும்ப வர்ற சந்தாண்ணா. ஒரு தடவ மட்டும் வாங்கற இன்ஸ்டலேஷன் சார்ஜ் இதுல சேராது.”

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம். திடீரென்று மேஜையில் ஒரு தட்டு. “ஆங்! புடிச்சுட்டேன். சந்தையில நான் ஒரு கெடா விக்கறேன். கை நெறையக் காசு. ஆனா அது எம்.ஆர்.ஆர். கெடையாது. வித்த கெடா அடுத்த மாசம் திரும்பி வந்து எனக்குக் காசு குடுக்குமா? வூட்ல கறவ மாடு நிக்குது பாருங்க, சொசைட்டிக்குப் பால் ஊத்தறேன், மாசமானா காசு வருது. அதான் எம்.ஆர்.ஆர்.!”

“ரொம்பக் கரெக்ட்ணா” என்றார் மேடம். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில், சலூனில், உரக்கடையில் எல்லாம் ஒரே எம்.ஆர்.ஆர். மயம். பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால், “தெனமும் வர்றேனே, நான் உனக்கு எம்.ஆர்.ஆர். அந்தா பை தூக்கிக்கிட்டு ஒகேனக்கல் போறாரே, அவரு கெடா” என்று பாடம் நடத்துவார். அந்த ஒகேனக்கல் பயணி எதற்காகத் தன்னைக் கெடா என்கிறார்கள் என்று தெரியாமலே ஊர் போய்ச் சேர்ந்தார். பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சேலத்து டாக்டர் ஒருவர் வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினார். எங்கள் அக்கவுண்டண்ட் அதை அப்படியே அந்த மாதத்து எம்.ஆர்.ஆரில் சேர்த்துவிட்டார். வந்ததே கோபம் நம்மாளுக்கு. “யோவ், வருசம் பூரா கறக்கற பாலை ஒரே நாள்ல கறந்துட்டேங்கறியா? மாடு செத்துப் போவும்யா! பன்னண்டால வகுத்துப் போடு.” நியாயம்தான். ஆனால் அதே எம்.ஆர்.ஆரைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஏ.ஆர்.ஆர்., அதாவது வருடக் கணக்கு என்று மேடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. “அப்போ இன்னிக்குக் கறக்கற மாதிரியே வருசம் பூரா கறக்கும்னு வெச்சுக்கறதுங்களா?” “ஆமாண்ணா.” “இந்தக் கணக்கப் போட்டவன் மாடு வெச்சவன் இல்லீங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு புதுக் கஸ்டமரைப் பிடிக்க ஆகும் செலவுக்கு சி.ஏ.சி. என்று பெயர். இது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “மாப்ள பாக்கப் போறப்ப வேன் வாடகை, பூவு, பழம், புரோக்கரு. கல்யாணம் ஆவுதோ இல்லையோ, செலவு செலவுதான்.” விளங்கியதோடு விட்டாரா? கிருஷ்ணகிரி போகும் வழியில் தான் தின்ற போண்டாவையெல்லாம் சி.ஏ.சி.யில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். அக்கவுண்டண்ட் தயங்கித் தயங்கி, “போண்டா எப்படிங்கண்ணா கஸ்டமரப் புடிக்கும்?” என்றார். “பசியோட போயி பல் டாக்டர் முன்னாடி ஒக்காந்து பாரு, அப்பத் தெரியும்” என்றார் இவர். போண்டா பாஸாகிவிட்டது.

இத்தனையும் பரவாயில்லை. வினை வந்தது சர்ன் என்கிற வார்த்தையில். சந்தாவை நிறுத்திவிட்டுப் போகிற கஸ்டமர்களின் விகிதத்துக்குத்தான் அந்தப் பெயர். மேடம் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நம்மாள் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இது சாவுங்க மேடம்” என்றார். “நம்ம வூட்ல ஒரு உருப்படி கொறையுது. அதப் போயி விகிதம், பர்சன்டேஜுன்னு சொல்றதுங்களா? நேர்ல போயி துக்கம் கேக்கணுமில்ல?”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். அடுத்த நாளே போய்விட்டார்.

முதல் துக்கம் கடத்தூரில். ஒரு பல் டாக்டர் சந்தாவை நிறுத்தியிருந்தார். எம்.ஆர்.ஆர். கிளினிக்குக்குப் போய், செருப்பை வெளியே விட்டு, தலையைக் குனிந்து, கையைக் கட்டி நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, “என்னாங்க, யாருக்கு என்னாச்சு?” என்று கேட்டிருக்கிறாள். “என்னாத்தச் சொல்றது, நல்லாத்தான் இருந்தாரு டாக்டரு. போன மாசத்தோட போயிட்டாரு” என்று பெருமூச்சு விட்டிருக்கிறார் இவர். “அய்யோ, தங்கமான மனுசனாச்சே!” என்று அம்மாள் குரலெடுக்க, காத்திருந்தவர்களில் பாதிப்பேர் பல்வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்கள். சத்தம் கேட்டு, கையில் பல் துளைக்கும் மெஷினோடு டாக்டரே உள்ளேயிருந்து வெளியே வந்தார். அதற்கப்புறம் அங்கே நடந்த கூத்தை நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

“யாருங்க செத்தது?” என்றாராம் டாக்டர்.

“உங்க அக்கவுண்டுங்க” என்றாராம் எம்.ஆர்.ஆர். “எப்படிங்க ஆச்சு?”

கோபப்பட வேண்டிய டாக்டர் ஏனோ உட்கார்ந்துவிட்டார். இவர் சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பச் சேருங்கள் என்று கேட்கவில்லை. காபி வந்தது, துக்க வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று தொடவில்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டார். புறப்படும்போது போய்ட்டு வரேன் என்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதே. சட்டென்று எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். அங்கிருந்து நேராகப் பென்னாகரம் போய்த் தலை முழுகிவிட்டு, மதியத்துக்கு மேல், ஈரத்தலையோடு ஆபீஸுக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரே நின்றார்.

“தம்பி, சாவுக்குக் காரணம் நீதான்.”

விஷயம் இதுதான். நோயாளிகளுக்கு அடுத்த தேதியை ஞாபகப்படுத்தி எங்கள் சாஃப்ட்வேர் அனுப்பும் எஸ்.எம்.எஸ். இங்கிலீஷில் போகும். நான் எழுதியது. கடத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் அதைப் படிக்க முடியாமல் தப்பான நாளில் வந்து நின்று டாக்டரைத் திட்டியிருக்கிறார்கள். நாலு மாதமாக நாங்கள் அனுப்பிய கருத்துக் கேட்பு ஈமெயிலுக்கு டாக்டர் பதில் போடவில்லை. துக்கம் கேட்க வந்தவரிடம் கொட்டிவிட்டார். அந்த வாரமே எஸ்.எம்.எஸ்ஸைத் தமிழாக்கினேன். மாதக் கடைசியில் டாக்டர் தானாகத் திரும்பி வந்தார்.

மேடத்துக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. “அதெல்லாம் சரிண்ணா, ஒவ்வொரு தடவையும் குளிச்சே ஆவணுமா? கஸ்டமர் ஒருத்தர் போனா உங்களுக்கு அரை நாள் லீவு போவுது.”

“துக்கத்துக்குப் போயி தல முழுவாம வந்து இருக்கற கஸ்டமருக்குப் போன் பண்ணா ஆவுங்களா மேடம்? அவங்களும் நல்லா இருக்கணுமில்ல?”

இதற்கு எந்த மேனேஜ்மெண்ட் படிப்பிலும் பதில் கிடையாது. மேடம் விட்டுவிட்டார். அவரும் பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரை என்று துக்கம் துக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. வராதவர்கள்கூட மாம்பழ சீசனில் அவருக்குப் பை அனுப்பினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெங்களூர்க் கம்பெனி ஒன்று எங்களோடு சேர்ந்து முதலீடு போடுகிறோம் என்று வந்தது. நல்ல செய்திதான். ஆனால் கூடவே ஒரு வால். ஆபீஸைப் பெங்களூருக்கு மாற்றிவிடலாமே, இரண்டு இடம் எதற்கு என்றார்கள். மேடத்துக்கு விருப்பமில்லை. பணமில்லாமல் கம்பெனியை நடத்தவும் வழியில்லை. ஆளை அனுப்பி எல்லாக் கணக்கையும் பார்த்துவிட்டு அவர்கள் முடிவு சொல்வார்கள்.

என் பாட்டைச் சொல்கிறேன். என் மனைவிக்கு தர்மபுரியில் பள்ளிக்கூட வேலை. மகள் அப்போதுதான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள். ஆபீஸ் போனால் நானும் பெங்களூரில் ஏதோ ஒரு ரூமில் மூன்று பேரோடு படுத்து, வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்து மகளைப் பார்க்க வேண்டும். எங்கள் மாடியில் இருந்த பாதிப்பேருக்கு இதே கதைதான். ஒரு வாரமாக யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அவர்கள் ஆள் வருவதற்கு முந்தின நாள் மேடம் எம்.ஆர்.ஆரைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, நாளைக்கு மட்டும் நீங்க எதுவும் பேச வேணாம். கும்பிட்டுக் கேக்கறேன்” என்றார். “நான் எங்கங்க பேசறேன்?” என்றார் அவர். இது கீழே உரக்கடை வரைக்கும் கேட்டது.

பெங்களூரிலிருந்து வந்தது ஒரு அம்மா. கன்னடக்காரர், தமிழ் நன்றாக வரும். சிரிக்காத முகம், ஆனால் மரியாதை தெரிந்தவர். எங்கள் கஸ்டமர் பட்டியலை ஒரு பக்கம், பேங்கில் வந்த சந்தாவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

“போன மாசம் சந்தா கட்டாதவங்க, கேன்சல் பண்ணிட்டேன்னு மெயிலே போட்டவங்க, உங்க பட்டியல்ல இன்னும் கஸ்டமரா இருக்காங்க. அதனால எம்.ஆர்.ஆர். ஜாஸ்தியா தெரியுது, சர்ன் கம்மியா தெரியுது. இது எப்படி?”

மேடம் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். கணக்கைத் திருத்திக் காட்டி முதலீடு கேட்கிறார்கள் என்று ஆகிவிட்டால், பெங்களூரும் இல்லை, தர்மபுரியும் இல்லை. பட்டியலைப் பார்த்துக்கொள்வது யார்? எல்லோருடைய பார்வையும் ஒரே திசையில் போனது. அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“அவங்களுக்கெல்லாம் இன்னும் கருமாதி ஆவலீங்க.”

“என்னது?”

“செத்த வூட்ல காரியம் முடியறதுக்கு முன்னாடி ரேஷன் கார்டுல பேர அடிக்கறதுங்களா? கேன்சல் மெயில் வந்ததும் அழிச்சுட மனசு வருதுங்களா? துக்கம் கேட்டு, கருமாதி நாள் வரைக்கும் பாத்துட்டு, அப்பறமும் வரலைன்னாதான் பேர எடுப்பேன்.” அந்த அம்மாவுக்குப் புரியவில்லையோ என்று கன்னடத்துக்கு மாறி, திதி கழியும் வரை என்று விளக்கமும் சொன்னார்.

மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் மனதுக்குள் பெங்களூரில் ரூம் வாடகை விசாரிக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “உங்க பழக்கத்த நான் மதிக்கறேன் சார். ஆனா கட்டாத காச வருமானம்னு காட்டறது தப்பு” என்றார் நிதானமாக.

நியாயம் என்று பட்டுவிட்டால் எம்.ஆர்.ஆர். ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டார். “தப்புத்தாங்க. என் தப்பு. மேடத்துக்கு இது தெரியாது. இப்பவே எடுத்துடறேன்” என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும், ஒவ்வொரு பேராக அழித்தார். ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். சர்ன் ஏறுவதைத் திரையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதியில் அந்த அம்மா, “நில்லுங்க” என்றார். அழிக்க இருந்த பேர்களில் ஒன்றைக் காட்டி, தானே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஊத்தங்கரை டாக்டர். ஏன் சந்தாவை நிறுத்தினீர்கள் என்று கேட்டதும் மனிதர் பொரிந்து தள்ளினார். ரசீது பிரிண்ட் ஆகவில்லை, போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை, வேறு சாஃப்ட்வேர் பார்த்தாகிவிட்டது. அந்த அம்மா குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் டாக்டர் குரலைத் தணித்து, “ஒண்ணு சொல்லணுங்க. உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. எதையும் விக்க வரல. காபி குடுத்தேன், தொடல. நான் திட்டினதையெல்லாம் கேட்டுட்டுப் போனாரு. மூணாம் நாள் ஒரு ஆளோட வந்து பிரிண்டர சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. சந்தா இல்லாதவனுக்கு எதுக்குங்க இதெல்லாம்? எனக்குத்தான் ஒரு மாதிரியா போச்சு. புது சாஃப்ட்வேருக்கு இன்னும் காசு கட்டல” என்றார்.

போனை வைத்துவிட்டு அந்த அம்மா மேடத்தைப் பார்த்துக் கேட்டார். “ஆபீஸ் பெங்களூருக்கு வந்துட்டா, இந்த டாக்டர் வூட்டுக்கெல்லாம் யாரு போவாங்க?”

எம்.ஆர்.ஆர். கூடப் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் பேசாமல் இருந்த ஒரே சந்தர்ப்பத்தைச் சரியான இடத்தில் செலவழித்தார். அந்த அம்மாவும் பதிலை எதிர்பார்க்காமல் கம்ப்யூட்டரை மூடினார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. முதலீடு உண்டு. கஸ்டமர்கள் இருக்கும் பக்கத்திலேயே ஆபீஸும் இருக்கட்டும், தர்மபுரியை விட்டு நகர வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, எம்.ஆர்.ஆர். இனிமேல் கஸ்டமர் பட்டியலைத் தொடவே கூடாது. கேன்சல் மெயில் வந்த நிமிடமே பேரை எடுக்க வேறு ஆள் போட வேண்டும். நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அக்கவுண்டண்ட் அழுதேவிட்டார். எம்.ஆர்.ஆர். அந்த நிபந்தனையைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பாத்தியா தம்பி, என் கையில இருந்து ஒரு எக்செல் ஷீட்ட வாங்கறதுக்கு பெங்களூர்ல இருந்து ஆளு வர வேண்டியிருக்குது” என்றார். ஒரு மாதம் இதையே சொன்னார். பஸ் கண்டக்டருக்கு மட்டும் மூன்று தடவை சொன்னதாகக் கேள்வி.

பின்தங்கிய மாவட்டம் என்று எங்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். எங்களிடம் இல்லாதது எவ்வளவோ இருக்கலாம். ஆனால் விட்டுவிட்டுப் போனவன் வீட்டுக்கும் நேரில் போய், ஏன் போனாய் என்று கோபிக்காமல், எப்படி ஆச்சு என்று கேட்கிற ஒரு ஆள் எங்கள் ஆபீஸில் இருக்கிறார். இப்படி ஒருத்தர் எந்த ஊர்க் கம்பெனியில் இருக்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்று மத்தியானமும் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டேன். மகள் இரண்டாம் வகுப்பு வந்துவிட்டாள். தட்டில் இருந்த கத்திரிக்காயை எனக்குத் தெரியாமல் என் தட்டுக்குத் தள்ளினாள், தெரியாத மாதிரி சாப்பிட்டேன். இதை எம்.ஆர்.ஆரிடம் சொன்னால் ஆறடி ஆள் ஆறரை அடியாகிவிடுவார், அப்புறம் ஆபீஸ் கதவை இடித்துத்தான் கட்ட வேண்டும். அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில் இங்கே சொல்கிறேன். என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே வளர்வது அந்த மனுஷனால்தான்.